நான் உறுதி என்று சொன்ன காகிதம்

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. பத்துக் குடும்பங்களுக்கு ஒரு மெஷின். இரண்டு கிழமைக்கு ஒரு முறை எங்கள் முறை வரும். முதல் நாள் பின்னேரம் மேல்மாடிக்காரி அறைத் திறப்பை எங்கள் கதவுக் கைபிடியில் தொங்கவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கவே கூடாது. சுவிஸில் லோசானுக்கு வந்த பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம், மூன்றும் வாடகை, மூன்றிலும் இதே சட்டம். என் கணவருக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு, தன் உடுப்பைத் தன் வீட்டில் தோய்த்துத் தன் வளவுக் கொடியில் காயப்போட வேண்டும். அவ்வளவுதான். இந்த நாட்டில் அந்த ஆசைக்கு என்ன விலை என்று ஒரு முறை விசாரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுப்பதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவிலிருந்து அவருடைய அண்ணன் அழைத்தார். அவர் இருக்கும் பக்கத்தில் ஒருவர் வீட்டு வரியைக் கட்டாமல் விட்டால், ஊர் நிருவாகம் அந்த வரிப் பாக்கியை ஏலத்தில் விற்றுவிடுமாம். வாங்குகிறவர் வரியைக் கட்டிவிட்டு ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொள்வார். வீட்டுக்காரர் பிறகு வட்டியோடு கட்டினால் அது சான்றிதழ் வைத்திருப்பவருக்கு வரும். தவணைக்குள் கட்டாவிட்டால் வீட்டையே கேட்டு வழக்கு வைக்கலாம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு விளங்கியது வேறு. அண்ணன் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், இனி ஏலங்களுக்கு அலைய முடியாது, கையில் இருக்கும் காகிதங்களைத் தான் கொடுத்த விலைக்கே சொந்தத்துக்குள் மாற்றிவிடுகிறார், அதில் ஒன்று எங்களுக்கு. என் கணவர் வாங்கினார். என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார். கேட்கவில்லை என்று எழுதினால் எனக்குப் பாவம் வரும்.

காகிதம் தபாலில் வந்தது. ஆங்கிலம் வாசிக்கிற ஆள் நான். மன்னாரில் கன்னியாஸ்திரிகள் குட்டிக் குட்டிப் படிப்பித்த ஆங்கிலம் அது, இன்னும் துருப்பிடிக்கவில்லை. மேலே அரசாங்க முத்திரை. நடுவில் வீட்டின் விலாசமும் காணியின் இலக்கமும். பின்பக்கம் அண்ணனின் கையெழுத்து, அதற்குக் கீழே உரிமை மாற்றப்பட்டவர் என்று என் கணவரின் பெயர். அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

"இஞ்சாருங்கோ, உறுதி வந்திட்டுது" என்றேன்.

எங்கள் ஆட்களுக்குக் காணிப் பத்திரம் என்றால் உறுதி. நொத்தாரிசு எழுதி, சாட்சி வைத்து, கையெழுத்து விழுந்தால் உறுதி முடிந்தது என்போம். அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி கிடையாது. முத்திரையும் விலாசமும் பெயரும் உள்ள ஒரு காகிதத்தை வேறு என்னவென்று சொல்ல? அவர் ஓடி வந்து வாங்கிப் பார்த்தார். லமினேற் பண்ணுவோம் என்றார். எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் முதல் தடுப்பூசி அட்டை வரை எல்லாம் அவர் கையால் லமினேற் ஆனவைதான். நல்ல காலம், மறித்துவிட்டேன். நான் செய்த புத்தியான வேலை அது ஒன்றுதான்.

அந்த வீட்டை நாங்கள் கண்டது கணினியில். தெருவைப் படமாகக் காட்டுகிற வரைபடம் இருக்கிறதல்லவா, அதில். வெள்ளைப் பலகைச் சுவர், நாலு படி, முன்னால் தகரத் தபால்பெட்டி, பக்கத்தில் புல்வெளி. புல்வெளியில் இரண்டு கம்பங்கள் நின்றன. கொடி கட்டத்தான் என்று அவர் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் பூசையால் வந்ததும் கணினியில் அந்தத் தெருவால் ஒரு முறை மேலும் கீழும் போய் வருவார். வீட்டு இலக்கம் நாலு எண். அதையே தன் கைபேசியின் பூட்டுக்கும் வைத்துக்கொண்டார். கைபேசியை எங்காவது வைத்துவிட்டு, இலக்கத்தை மறந்து, என்னைக் கூப்பிடுவது அவருடைய வழக்கம். இந்த இலக்கம் மட்டும் மறக்கவில்லை. நானும் அவருடைய கைபேசியில் பிள்ளைகளின் படம் பார்க்க, பஸ் நேரம் பார்க்க, நாளுக்குப் பத்துத் தரம் அந்த நாலு எண்ணையும் அமத்தினேன்.

என் பங்குக்கு நான் சும்மா இருந்தேனா? மாதத் தமிழ்ப் பூசை முடிந்து கோயிலின் பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பார்கள். அங்கே, நொஷாட்டல் நகரில் வீடு வாங்கிய ஒருவர் வீட்டுக்குடி புகுதலுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கும் அமெரிக்காவில் வீடு வந்திருக்கிறது, உறுதி கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. அன்றிலிருந்து எங்களைக் காண்கிறவர்கள் எல்லாம் முதலில் அமெரிக்கா வீட்டைத்தான் சுகம் விசாரித்தார்கள்.

ஐப்பசி அளவில் அண்ணன் திரும்ப அழைத்தார். பெயர் மாற்றத்தை ஊர் நிருவாகக் கந்தோரில் பதிந்தாயிற்றா, வீட்டுக்காரருக்கு அறிவித்தல் போய்விட்டதா என்று கேட்டார். என்ன அறிவித்தல் என்று இவர் கேட்டார். உறுதிதான் எங்களிடம் இருக்கிறதே என்றும் சொன்னார். கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"உறுதியோ? ஆர் தம்பி உனக்கு உறுதி எண்டு சொன்னது? இது ஒற்றி மாதிரி. அதிலயும் உள்ள போய் இருக்கேலாத ஒற்றி."

ஒற்றி என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. காசு கொடுத்தவர் காணியை வைத்திருப்பார். காணிக்காரர் காசைக் கொண்டுவந்து நீட்டினால் மறுபேச்சில்லாமல் விட்டுவிட வேண்டும். அதை மீட்பது என்போம். என் கணவர் என்னைப் பார்த்தார். உறுதி என்று சொன்னது நான் என்று அண்ணனுக்குச் சொல்லவில்லை. நான் மீனைத் தேவைக்கு மேல் கழுவினேன்.

அடுத்த கிழமை அங்குள்ள சட்டத்தரணி ஒருவருடன் கதைத்தோம். நான்தான் கதைத்தேன், இவர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் நின்ற இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள், ஒரு அடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவருக்கு இருந்த உரிமை முழுவதும் உங்களுக்கு உண்டு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. அவருக்கு ஓடிக்கொண்டிருந்த தவணைதான் உங்களுக்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அது புதிதாகத் தொடங்காது. அவர் செய்யாமல் விட்டது ஏதும் இருந்தால் அது நீங்கள் செய்யாமல் விட்டதாகவே எடுபடும். தவணை மாசி நடுவில் முடிகிறது. அதற்கு முன் வீட்டுக்காரருக்கு, சட்டம் சொல்லும் சொற்களில், பதிவுத் தபாலில் அறிவித்தல் போக வேண்டும். அதன் பிறகும் அவர்கள் கட்டாவிட்டால் வீட்டை உங்கள் பெயருக்குக் கேட்கலாம்.

என் கணவருக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும்தான் காதில் விழுந்தது. "அப்ப வழி ஒண்டு கிடக்கு" என்றார். அன்றிரவு செபமாலை சொல்லும்போது வழக்கத்தை விட நீளமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மற்றவன் வரி கட்டக்கூடாது என்று எந்தப் புனிதரிடம் கேட்கிறீர்கள் என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த வீடு வேண்டும்தான். முன் அறை யன்னலுக்கு எந்த நிறத் திரைச்சீலை என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். ஆசை வெட்கம் அறியாது.

சட்டத்தரணி அறிவித்தலை அனுப்பினார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிய கிழமை அது திரும்பி வந்துவிட்டது. தபால் கந்தோருக்கு வந்து எடுக்கச் சொல்லித் தபால்காரர் துண்டுச் சீட்டு வைத்தும் யாரும் போய் எடுக்கவில்லையாம். இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். ஒன்றும் செய்யத் தேவையில்லை, சட்டம் கேட்பது சரியான விலாசத்துக்கு நேரத்துக்கு அனுப்புவதை மட்டும்தான், அவர்கள் எடுக்காதது உங்கள் குற்றம் இல்லை என்றார். ஒரு வகையில் உங்களுக்கு நல்லது என்றும் சொன்னார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். என் கணவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் சேர்த்து. வருடத்துக்கு ஒரு தரம் நடக்கிற காரியம் அது.

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தபால்பெட்டியில் துண்டு கிடந்தது. பதிவுத் தபால், இங்கே றெக்கொமாண்டே என்பார்கள். நல்ல சேதி றெக்கொமாண்டேயில் வருவதில்லை. எங்களோடு அறையில் இருந்தவர்கள் எடுக்க வேண்டாம் என்றார்கள். கையெழுத்து வைத்து எடுத்தால்தான் கிடைத்ததாகக் கணக்கு, எடுக்காவிட்டால் அவர்கள் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும் என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பல பேர் இதை நம்பினார்கள். நாங்களும் நம்பினோம். துண்டை நான் அரிசிப் பைக்கு அடியில் வைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். ஏழு நாள் போனால் எடுத்ததாகவே கணக்கு என்பதும், மேன்முறையீட்டு நாட்கள் எங்களைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தன என்பதும் எங்களுக்குத் தெரியாது. பங்குக் கோயிலில் பழைய உடுப்புக் கொடுக்கும் ஒரு சுவிஸ் அம்மா தற்செயலாக வழக்கைப் பற்றிக் கேட்டார். துண்டைக் காட்டினேன். அவருடைய முகம் வெளுத்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு நாளில் எழுதிக் கொடுத்த மேன்முறையீட்டில்தான் நாங்கள் இன்றைக்கும் இங்கே இருக்கிறோம்.

அறிவித்தல் திரும்பி வந்த அந்தக் கிழமை, ஞாயிறு என் கணவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. நான் தனியாக வீட்டைப் பார்க்கக் கணினியைத் திறந்தேன். படம் மாறியிருந்தது. வரைபடக்காரர்கள் புதிதாக எடுத்துப் போட்டிருந்தார்கள். நாலு படியையும் மூடி, கதவிலிருந்து புல்வெளிவரை பலகையில் ஒரு சாய்வுப்பாதை அடித்திருந்தது. புதுப் பலகை, இன்னும் வர்ணம் பூசவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சக்கர நாற்காலிப் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். இது அளவுக்கு மேல் செங்குத்து. தச்சன் அடித்தது இல்லை, வீட்டு ஆட்கள் யாரோ கைக்கு வந்தபடி அடித்தது. அந்தச் சரிவில் ஒருவரைத் தனியாக ஏற்ற முடியாது, இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர் தபால் கந்தோருக்குப் போவதென்றால் எவ்வளவு பாடு என்பது எனக்குக் கணக்குப் போடாமலே விளங்கியது. துண்டு ஏதோ ஒரு அரிசிப் பைக்கு அடியில் கிடக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஆட்களில் வந்தது, ஏன் எடுக்கவில்லை என்று. அண்ணனில் வந்தது. எல்லாரையும் விட என்னில்தான் கூட வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மெட்ரோ நிலையத்துக் கடையில் ஒரு அஞ்சலட்டை வாங்கினேன். லெமான் ஏரியும் ஒரு வெள்ளைக் கப்பலும். அஞ்சலட்டைக்குக் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. பயந்து மறைத்து வைக்க உறையும் இல்லை, கையில் எடுத்தவுடனே வாசித்துவிடுவார்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். உங்கள் வீட்டு வரி விற்கப்பட்டிருக்கிறது, அந்தக் காகிதம் இப்போது எங்களிடம் இருக்கிறது, இன்ன நாளுக்குள் உங்கள் ஊர்க் கந்தோரில் கட்டினால் வீட்டை யாரும் கேட்க முடியாது, பதிவுத் தபாலை எடுக்காமல் விட்டாலும் நாள் ஓடும் என்று எழுதினேன். கிறிஸ்து பிறப்பு வாழ்த்து என்று முடித்தேன். பிறகு விலாசத்தை எழுதினேன். ஒட்டத் தபால் முத்திரை இல்லை. காலையில் வாங்கலாம் என்று அட்டையை அடுப்படி மேசையில், சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தேன். அவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

விடிய எழும்பி வந்தபோது அவர் மேசையில் இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். அட்டை அவர் முன்னால் இருந்தது. வேலைக்குப் போகிற உடுப்போடு இருந்தார், சப்பாத்துக்கூடப் போட்டாயிற்று. நான் வாசலில் நின்றுவிட்டேன். சண்டைக்குத் தேவையான சொற்கள் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. எனக்கு அதில் எப்போதும் பஞ்சம் இல்லை.

அவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். முழுவதையும் வாசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வீட்டு நம்பர் பிழைச்சுப்போச்சு" என்றார்.

குனிந்து பார்த்தேன். நடு எண்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன.

கை தவறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளுக்குப் பத்துத் தரம் அமத்துகிற இலக்கம் அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் விரலுக்குத் தெரியும். அட்டை போக வேண்டும் என்று நான் மனதார விரும்பித்தான் எழுதினேன். போய்ச் சேரக்கூடாது என்று விரும்பியதும் நான்தான். எனக்குள் இருந்த அந்த இரண்டு பேரும் ஒரே கையால் எழுதியிருக்கிறார்கள். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் எப்படிப் பிழைத்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"பலகையை நான் முந்தியே கண்டனான்" என்றார். "உமக்குக் காட்டேல்லை."

சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்தார். நான் எழுதிய இலக்கத்தை ஒரு கோட்டால் வெட்டி, மேலே நாலு எண்ணையும் சரியாக, ஒவ்வொன்றாக எழுதினார். அவருடைய கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து மாதிரி, ஆனால் எண் மட்டும் வடிவாக எழுதுவார். பிறகு கைபேசியை எடுத்து எந்த முத்திரை ஒட்ட வேண்டும் என்று தேடினார். அதைத் திறக்கவும் அந்த இலக்கத்தைத்தான் அமத்தினார். போகும் வழியில் முத்திரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பின்னேரம் நான் அடுப்படி யன்னலில் நின்றேன். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தபால்பெட்டி இருக்கிறது. அவர் வேலையால் வந்து இறங்கினார். அட்டை இன்னும் கையில்தான் இருந்தது, முத்திரை ஒட்டியிருந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை இடத்திலும் எத்தனையோ பெட்டிகளைக் கடந்துதான் வந்திருப்பார். பெட்டிக்கு முன்னால் நின்றார். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அடுத்த பஸ்ஸும் வந்துபோனது. பிறகு போட்டுவிட்டார். மேலே வந்து கைகழுவிவிட்டு, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார்.

கிறிஸ்து பிறப்பு போனது, புதுவருடம் போனது. இரண்டு பேரும் கணினியைத் திறக்கவில்லை. தை முடியும்போது சட்டத்தரணி எழுதினார். வீட்டுக்காரர் சார்பில் யாரோ கந்தோருக்கு வந்து வட்டியோடு முழுவதையும் கட்டிவிட்டார்கள். சான்றிதழின் மூலப் பிரதியைத் திருப்பி அனுப்பினால் எங்களுக்கு உரியது வரும். அவர் சொல்ல மறந்த இன்னொன்றையும் நான் கேட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை இருக்கும்? ஒன்றும் இல்லை என்றார்.

காகிதத்தை நாங்கள் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். லமினேற் பண்ணாதது நல்லதாய்ப் போயிற்று என்று அவர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. தபால் கந்தோரில் நின்று அழுதேன், ஒரு வெட்கமும் இல்லாமல். சந்தோஷமா கவலையா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இரண்டும் என்று சொல்லியிருப்பேன். அந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒரு கடுதாசித் துவாலையை நீட்டினாள்.

அந்த மாதத் தமிழ்ப் பூசைக்கும் போனோம். பங்கு மண்டபத்தில் நொஷாட்டல்காரர் இவரைக் கண்டதும் சத்தமாக, அமெரிக்கா வீடு எந்த அளவில் இருக்கிறது, உறுதி முடிந்த பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லையே என்று கேட்டார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தவள் நான். எல்லாருக்கும் அது தெரியும்.

"உறுதி இல்லை அண்ணை, அது ஒற்றி" என்றார் என் கணவர். "நான்தான் பிழையாய் விளங்கிப்போட்டன். ஆக்கள் மீட்டிட்டினம்."

ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போக மெட்ரோவில் ஏறினோம். ஞாயிறு என்றபடியால் கூட்டம் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொல்லித் தன் கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, யன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பூட்டு இலக்கத்தை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். கேட்கவும் மனம் வரவில்லை. பழைய நாலு எண்ணையும் அமத்தினேன், இந்த முறை பிழைவிடாமல். திறந்தது.